மூன்றாம் லைனில் கோங்

ஹேரான் மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று ஏப்ரல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. குடல்வால் அறுவை என்று சொல்லித்தான் தக்காளி மண்டி முதலாளியிடம் விடுப்பு வாங்கியிருந்தாள். உண்மையில் நடந்தது வேறு. மூன்று மாதம் தாண்டிய கரு மார்ச்சில் கலைந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதில், பல வருடச் சிகிச்சைக்குப் பிறகு தங்கிய முதல் கரு அது.

அன்று வீட்டைவிட்டுக் கிளம்பவே தாமதமாகிவிட்டது. புசான் மெட்ரோவின் மூன்றாம் லைனில், மூல்மாங்கோல் ஸ்டேஷனில் படி இறங்கும்போதே ரயில் வந்து நின்றுவிட்டது. கண்ணில் பட்ட கதவில் ஓடி ஏறினாள். பின்னால் வந்தவர்கள் தள்ளிய தள்ளலில் உள்ளே போய் ஒரு கம்பியைப் பிடித்தாள். அப்போதுதான் அந்தக் கம்பியின் உச்சியில் இளஞ்சிவப்பு விளக்கு மினுக்மினுக் என்று எரிய ஆரம்பித்தது. கூடவே ஒரு பெண் குரல்: "அருகில் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார். தயவுசெய்து இடம் கொடுங்கள்."

ஹேரானுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பில்லை பைக்குள்ளேயே கிடக்கிறது.

கர்ப்பம் என்று பதிவு செய்தபோது சுகாதார நிலையத்தில் கொடுத்த பில்லை அது. சாவிக்கொத்தில் மாட்டுகிற அளவுதான் இருக்கும். கர்ப்பிணி இருக்கைப் பக்கம் அதைக் கொண்டுபோனால் கம்பியில் உள்ள விளக்கு எரியும். நாற்பத்து மூன்று வயதில் ரயில் முழுக்கத் தன்னைத் திரும்பிப் பார்ப்பதை நினைத்து அவளுக்குக் கூச்சம். அதனால் அந்த மூன்று மாதமும் அந்த இருக்கை இல்லாத கடைசிக் கதவாகப் பார்த்துத்தான் ஏறினாள். பில்லை பையின் உள் ஜிப்பில் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அது அங்கே இருப்பதையே மறந்துபோனாள்.

கர்ப்பிணிகளுக்கான இளஞ்சிவப்பு இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண்மணி விசுக்கென்று எழுந்தாள். அறுபதை நெருங்கும் வயது. சுருட்டிவிட்ட குட்டை முடி, பூப்போட்ட சட்டை, காலடியில் சக்கரம் வைத்த கூடை வண்டி.

"வாம்மா, வா! உனக்காகத்தான் சீட்டைச் சூடு பண்ணி வச்சிருக்கேன். உக்காரு."

"இல்லக்கா, பரவாயில்ல, நான் வந்து..."

"என்னத்த பரவாயில்ல? வெளக்கு என்ன பொய்யா சொல்லுது?"

எதிரே மலையேறும் உடுப்பும் கைத்தடியுமாக உட்கார்ந்திருந்த பெரியவர் வாய் திறந்தார். "சீக்கிரம் எடத்த விடுங்கம்மா. அந்தப் பொண்ணு மொகம் வெளுத்துக் கெடக்கு."

"விட்டுட்டுத்தானய்யா நிக்கிறேன்! இந்தக் கண்ண வச்சிக்கிட்டு நீ எப்படி மலை ஏறுற?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். எல்லாக் கண்ணும் ஹேரான் மேல்தான். 'எனக்குக் குழந்தை இல்லை, இது தெரியாமல் எரிகிறது' என்று அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை மாசம்?" என்று குனிந்து கேட்டாள் அந்தப் பெண்மணி.

"நாலு" என்றாள் ஹேரான்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. கரு நின்றிருந்தால் அன்றைக்கு நாலு மாதம். வாய் தானாகக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது.

அன்று இரவு பில்லையை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தாள். காலையில் கிளம்பும்போது அது அங்கேயே கிடந்தது. செருப்பை மாட்டிக் கதவைத் திறந்தவள், திரும்ப வந்து அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் நாள் வேண்டுமென்றே அதே கதவில் ஏறினாள். விளக்கு எரிந்தது. கூடை வண்டிக்காரி எழுந்தாள். அவள் நாம்ஹே தீவுக்காரி என்பதும், குப்போ சந்தையில் நெத்திலி, கடற்பாசி, உலர்ந்த மீன் விற்பவள் என்பதும் அன்று தெரிந்தது. சந்தையில் எல்லோரும் அவளை ஊர்ப்பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். ஹேரானும் நாம்ஹே அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். லைன் தொடங்குகிற சூயோங்கிலேயே ஏறுவதால் அக்காவுக்கு எப்போதும் இடம் கிடைக்கும். ஹேரான் ஏறும்வரை அந்த இளஞ்சிவப்பு இருக்கையில் அவள் உட்கார்ந்து காவல் காப்பாள்.

"வேற எவளாச்சும் சும்மா வந்து உக்காந்திருவா. இந்தக் காலத்துப் பயலுவ காதுல ஒண்ணச் சொருகிக்கிட்டு கண்ண மூடிக்கிறானுவ. வெளக்கு எரிஞ்சாலும் தெரியாது, ரயிலே எரிஞ்சாலும் தெரியாது" என்பாள்.

மூன்றாவதோ நாலாவதோ நாள் கேட்டாள்: "வயித்துப் பேரு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா? இப்பல்லாம் வைக்கிறாங்களே, பொறக்குற வரைக்கும் கூப்பிட."

ஹேரான் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு சொன்னாள். "கோங்."

"கோங்கா! சோயாப் பயறு!"

"மொத ஸ்கேன்ல பயறு மாதிரி இருந்துச்சு. அவர்தான் வச்சார்."

"நல்லாத்தான் இருக்கு. எங்க காலத்துல வயித்துக்குள்ள இருக்கும்போது ஏது பேரு? பொறந்து நூறு நாளாகியும் என் மாமனார் பேரு வைக்காம 'ஏய், இந்தா'ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு." அப்புறம் குனிந்து, ஹேரானின் கோட்டுப் பொத்தானைப் பார்த்துப் பேசுவதுபோல, "ஏ கோங்கு, சாப்பிட்டியா? ஒங்கம்மா காலையில ஏதாச்சும் தின்னாளா, இல்ல பட்டினியா வந்திருக்காளா?" என்றாள்.

ஹேரான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுரங்கத்தின் இருட்டுதான் தெரிந்தது. மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பேரை ஒரு மனிதர் சொல்லி அப்போதுதான் கேட்கிறாள்.

வீட்டில் அந்தப் பேர் இல்லை. அவள் கணவன் ஜுங்மோ வெளியூரான யோசுவில் ஒரு ரசாயன ஆலையில் குழாய் பற்றவைக்கிற வேலை செய்கிறான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான். கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்த அன்று, அவள் தூங்கும்போது, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த ஸ்கேன் படத்தை எடுத்துவிட்டான். மாமியார் அனுப்பியிருந்த சின்னப் போர்வையையும் காணோம். எங்கே வைத்தான் என்று அவள் கேட்கவில்லை. "இனிமே அதப் பத்திப் பேச வேணாம், சரியா? பேசினா ஒனக்குத்தான் கஷ்டம்" என்றான். அவளும் சரி என்றாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் போன் செய்தான். சாப்பிட்டியா, ஆச்சு, நீங்க, ஆச்சு, குளிருதா, இல்ல, சரி வைக்கட்டுமா. அவ்வளவுதான்.

மண்டியில் யாருக்கும் கர்ப்பம் என்றே சொல்லவில்லை. ஆக, இழந்ததைச் சொல்லவும் வழியில்லை. அம்மா உயிரோடு இல்லை. கோங் என்று ஒன்று இருந்தது என்பதே உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. மூன்றாம் லைனில், காலையில், மூல்மாங்கோலிலிருந்து தொக்சோன் வரைக்கும். குப்போ சந்தைக்குப் பக்கம் தொக்சோன் என்பதால் அக்கா அங்கே இறங்கிவிடுவாள். ஹேரான் கடைசி ஸ்டேஷனான தேஜோ வரை போவாள்.

உண்மையைச் சொன்னால் அந்த இடமும் போய்விடும். அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஏப்ரல் போயிற்று. மே மாதத்திலும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"புழுங்கலியா ஒனக்கு?"

"எனக்குக் குளிருதுக்கா."

"மாசமா இருக்கும்போது எனக்கெல்லாம் ஒடம்பு கொதிக்கும். பனியில பாய் போட்டுப் படுக்கலாம்னு இருக்கும். ஒன் ஒடம்பு வேற மாதிரி."

ஜூன் பிறந்ததும் கோட்டுப் போட முடியவில்லை. தொளதொளவென்று ஒரு பருத்திக் கவுன் வாங்கினாள். மடியில் பையை நிறுத்தி வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் மலையேறும் பெரியவர் அவளையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப எத்தனை மாசம்னு சொன்னீங்க?"

"ஆறு முடிஞ்சுதுய்யா. நாந்தான் கணக்கு வச்சிருக்கேன்ல" என்று அக்கா பதில் சொன்னாள்.

"என் மருமவ ஆறு மாசத்துல கப்பல் மாதிரி இருந்தா."

"ஒம்மருமவ கல்யாணத்துக்கு முந்தியே கப்பல் மாதிரிதான இருந்தா? அன்னிக்கு நீதான போட்டோ காட்டின?"

பக்கத்தில் நின்ற பையன்கூடக் காதில் சொருகியிருந்ததை எடுத்துவிட்டுச் சிரித்தான். பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாந்தொக் ஸ்டேஷனில் கைத்தடியை ஊன்றி இறங்கிப் போனார்.

அக்கா சிரிக்கவில்லை. ஹேரானின் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "எலும்பா இருக்கு. நீ சாப்பிடறது கோங்குக்கே பத்தாது போலிருக்கே. டாக்டர் என்ன சொல்றாரு?"

"நல்லா இருக்குன்னுதான் சொல்றார்."

அதுதான் அவள் வாய்விட்டுச் சொன்ன முதல் முழுப் பொய். அதற்கு முன் சொன்னதெல்லாம் ஒற்றை வார்த்தைகள், தலையாட்டல்கள். அன்று முழுக்க மண்டியில் பெட்டிகளுக்கு ஒட்டிய சீட்டெல்லாம் கோணலாகவே விழுந்தது. நாளையிலிருந்து வேறு கதவில் ஏறிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் காலை அதே கதவில்தான் நின்றாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு புதன்கிழமை. கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அக்கா இல்லை. கூட்டத்துக்கு மேலே ஒரு நீளமான பொட்டலம் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைத் தாள் சுற்றி, சிவப்புக் கயிறு கட்டி, ஒரு கை நீளத்துக்கும் மேலே. அக்கா எழுந்து நின்று அதை இரண்டு கையாலும் கொடிக்கம்பம் மாதிரி தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இடிக்காதீங்கய்யா! தள்ளு! தம்பி, ஒன் பைய அந்தப் பக்கம் திருப்பு! ஒடிஞ்சா நீயா பதில் சொல்வ?"

"என்னக்கா அது, முதுகு சொறியுற கட்டையா?" என்றான் சட்டையில் ஏதோ கம்பெனிப் பேர் போட்ட ஒருவன்.

"ஒங்கம்மா ஒன்னப் பெத்தப்ப குடிச்ச கடற்பாசிடா இது. மரியாதையாப் பேசு."

அவன் தலையை லேசாகத் தாழ்த்தி, தோளைச் சுருக்கி இடம் விட்டான். சுற்றி நின்றவர்களும் ஒதுங்கினார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சூப் வைத்துக் கொடுக்கிற கடற்பாசி என்றால் புசானில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதை மடிக்கக் கூடாது. ஒடிக்கக் கூடாது. கடலிலிருந்து எடுத்த நீளத்துக்கு அப்படியே காயவைத்து, அப்படியே கொண்டுபோக வேண்டும். மடித்தால் பிள்ளை வருகிற வழி சிரமமாகும் என்பார்கள். விலைகூடப் பேச மாட்டார்கள்.

விளக்கு எரிந்தது. குரல் வந்தது. ஹேரான் உட்காரவில்லை.

"உக்காரும்மா. என்ன பாக்குற?" அக்காவின் முகம் பூரித்திருந்தது. "ஊர்ல என் தம்பி பாறையில இறங்கி எடுத்தது. இந்த மாதிரி ஒரு வருசத்துக்கு நாலோ அஞ்சோதான் வரும். பெரிய வீட்டுக்காரிக கேட்டாளுக, இல்லன்னுட்டேன். இது கோங்குக்குன்னு எடுத்து வச்சேன். கடையில இருந்தா எவளாச்சும் வெலை கேப்பான்னு ராத்திரி வீட்டுக்கே கொண்டுபோயிட்டேன். இந்தா, பிடி. ரெண்டு கையாலயும் பிடி. வீட்ல ஒசரமா எங்கியாச்சும் படுக்க வை, வலி எடுக்குற வரைக்கும் பிரிக்காத."

பொட்டலத்தை நீட்டினாள்.

ஹேரானின் கை எழவில்லை. இதை வாங்கினால் வீட்டில் வைக்க வேண்டும். ஜுங்மோ வருவான், பார்ப்பான். அதுகூட இருக்கட்டும். ஒருத்தி விலைக்குத் தராமல் கோங்குக்காக எடுத்து வைத்தது, பிரிக்காமல், மடிக்காமல், யாருக்காகவும் இல்லாமல் அந்த வீட்டில் கிடக்கும். அதை நினைக்கவே முடியவில்லை.

"அக்கா, இத நான் வாங்க முடியாது."

"காசு கீசுன்னு பேசுன, அப்புறம் நான் கெட்டவளாயிருவேன்."

"அது இல்லக்கா."

"பின்ன?"

ரயில் மீனாமைத் தாண்டி நீளச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. சத்தம் அதிகமானது. ஹேரான் அக்காவின் காதருகே போனாள்.

"கோங் இல்லக்கா."

"என்ன?"

"கோங் இல்ல. மார்ச்லயே போயிருச்சு."

அக்கா பொட்டலத்தைப் பிடித்தபடியே நின்றாள். கீழே இறக்கவும் இல்லை, மேலே தூக்கவும் இல்லை. மேலே விளக்கு மினுக்மினுக் என்று எரிந்துகொண்டுதான் இருந்தது.

"மார்ச்சா?" என்றாள் கடைசியாக. "நான் ஒன்ன மொதல்ல பாத்தது பூ உதிர்ந்த சமயம். ஏப்ரல்."

"ஆமா."

"அப்ப நான் பாக்குறதுக்கு முந்தியே..."

"ஆமாக்கா."

"ரெண்டு மாசத்துக்கு மேல! தெனம் தெனம்!" அக்காவின் குரல் ஏறியது. நாலு பேர் திரும்பினார்கள். "சந்தை முழுக்கச் சொல்லி வச்சிருக்கேண்டி! அரிசிக்கேக் கடைக்காரிகிட்ட, புள்ளையோட நூறாம் நாள் விருந்துக்குக் கேக்கு நீதான் போடணும்னு இப்பவே சொல்லி வச்சிருக்கேன்! என்னப் பாத்தா ஒனக்கு வெளையாட்டுப் பொம்மையாவா இருந்துச்சு? அப்ப நான் இத்தனை நாளா யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?"

ஹேரான் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. குரல் மட்டும் சின்னதாக வந்தது.

"கோங்குகிட்டத்தான் பேசுனீங்க. வேற யாருமே பேசல."

சுரங்கம் முடியவே முடியாது போல நீண்டது. அக்கா எதிர்ப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாந்தொக் வந்தது, மலையேறுகிறவர்கள் இறங்கினார்கள். பெரியவர் போகிற போக்கில் ஏதோ கேட்க வாயெடுத்தவர், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். கதவு மூடியது. அடுத்த ஸ்டேஷனும் போனது.

"சூப் குடிச்சியா?" என்றாள் அக்கா, பார்க்காமலேயே.

"என்ன?"

"அது போனப்புறம். கடற்பாசி சூப் யாராச்சும் வச்சிக் குடுத்தாங்களா?"

"இல்ல."

"ஒருநாள்கூடவா?"

"புள்ள பெத்தவங்களுக்குத்தானக்கா அது."

"யார் சொன்னா?" இப்போது நேராகப் பார்த்தாள். "பெத்தாலும் போனாலும் ரத்தம் ரத்தந்தான். ஒடம்புக்குத் தெரியுமா? ஒம்புருசன் எங்க?"

"யோசுவுல."

"அம்மா?"

"இல்ல."

"மாமியாருன்னு ஒருத்தி இருப்பாளே?"

"அவங்க அழுதுக்கிட்டே இருந்தாங்க. நாந்தான் வரவேணாம்னுட்டேன்."

"அப்ப என்னதான் தின்ன?"

"கடையில கெடைக்குற சோத்துப் பெட்டி."

அக்கா பொட்டலத்தைக் கீழே இறக்கினாள். சிவப்புக் கயிற்றை அவிழ்த்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். தாளை விலக்கினாள். கறுத்து, விறைத்து, ஓரத்தில் வெள்ளை உப்புப் பூத்த கடற்பாசி. கடல் வாசனை அந்தப் பெட்டி முழுக்கப் பரவியது. காலைத் தூக்கிக் கூடை வண்டி மேல் வைத்தாள். கடற்பாசியின் இரண்டு முனையையும் பிடித்து முழங்காலில் வைத்து ஓங்கி ஒரு அழுத்து.

சடார் என்று ஒடிந்தது.

"ஐயோ!" என்று எங்கோ ஒரு பெண் கத்தினாள். காலையில் தூங்கிக்கொண்டு வந்தவர்கள்கூட விழித்துப் பார்த்தார்கள். கம்பெனிச் சட்டைக்காரன் வாயைத் திறந்தபடி நின்றான். யாரும் அப்படி ஒன்றைப் பார்த்தது கிடையாது.

அக்கா யாரையும் சட்டை செய்யவில்லை. பாதியை மறுபடி முழங்காலில் வைத்து ஒடித்தாள். மறுபடி. துண்டுகள் தெறித்தன. கறுப்புத் தூள் ஹேரானின் கவுன் மேல் கொட்டியது. கயிறு பல்லிடுக்கில் இருந்ததால் வார்த்தை குழறியது.

"பையைத் தெற. தெறடி. நீளமா இருந்தா எப்படி உள்ள போகும்?"

ஹேரான் பையைத் திறந்து பிடித்தாள். அக்கா துண்டுகளைத் தாளில் சுருட்டி உள்ளே திணித்தாள். திணித்துவிட்டுக் கை நிற்கவில்லை, பையின் வாயை அமுக்கி அமுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் மூக்கு சிவந்திருந்தது. கயிற்றைத் துப்பினாள்.

"இன்னிக்கே வச்சிரு. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாத. மாட்டுக்கறி இருந்தா போடு, இல்லன்னா நெத்திலித் தண்ணி போதும்."

தொக்சோன் வருகிறது என்று அறிவிப்பு வந்தது. இரண்டாம் லைனுக்கு மாறுகிறவர்கள் கதவுப் பக்கம் நெருக்க ஆரம்பித்தார்கள். அக்கா கூடை வண்டியை இழுத்தாள்.

"அந்தப் பில்லைய வெளிய எடுத்துரு. நெசமா வேணுங்கற பொண்ணு பக்கத்துக் கதவுல நின்னுக்கிட்டு இருப்பா."

"சரிக்கா."

"பூண்டு போடு. வெங்காயத்தாள் போட்டுத் தொலைக்காத, ருசி கெட்டுரும்!"

கடைசி வார்த்தையை வெளியே நின்று கத்தினாள். கூட்டம் அவளை அப்படியே படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோயிற்று. நாளைக்கு வருவாளா, வந்தாலும் இந்தக் கதவிலேயே வருவாளா என்று கேட்க ஹேரானுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ரயில் சுரங்கத்தைவிட்டு மேலே ஏறியது. குப்போவைத் தாண்டி ஆற்றின் மேல் போகும்போது வெயில் பெட்டிக்குள் வந்து விழுந்தது. இருக்கைகள் பாதிக்கு மேல் காலி. ஹேரான் கதவோரம் நின்றுகொண்டாள். அவளுக்கு எதிரே இளஞ்சிவப்பு இருக்கையில் யாரும் இல்லை. அதற்கு மேலே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவள் பையில் கைவிட்டு, கடற்பாசித் துண்டுகளுக்கு அடியில் தேடி, பில்லையை எடுத்தாள். அதன் முதுகைத் திறந்து வில்லை பேட்டரியை நகத்தால் நெம்பினாள். இரண்டு மூன்று தடவை வழுக்கியது. பிறகு வந்துவிட்டது. விளக்கு இன்னும் கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு நின்றது.

சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் பூண்டும் கொஞ்சம் மாட்டுக்கறியும் வாங்கினாள். கடற்பாசி சூப்பை அவள் குடித்திருக்கிறாளே தவிர வைத்ததில்லை. பிறந்த நாளென்றால் அம்மா வைப்பாள், அம்மா போன பிறகு ஜுங்மோ கடையில் பொட்டலம் வாங்கி வந்து சுடவைப்பான். எவ்வளவு ஊறவைக்க வேண்டும் என்று அக்கா சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. ஹேரான் தாளைப் பிரித்து எல்லாத் துண்டையும் ஒரு பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு பாத்திரம் கொள்ளும் போலத்தான் இருந்தது.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் பாத்திரத்தைக் காணோம். பச்சையாக ஒரு குன்று அதை மூடிக்கொண்டிருந்தது. விளிம்பு தாண்டி மேடை மேல் வழிந்து, அடுப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவசரமாக இன்னொரு சட்டியில் பாதியை மாற்றினாள். அதுவும் நிறைந்தது. கிம்ச்சி ஊறுகாய் போடும் பெரிய பேசினை இழுத்து வந்தாள். கழுவுதொட்டியை அடைத்து அதிலும் போட்டாள். வழவழவென்று கை வழுக்கியது. கடற்பாசி நிற்கவே இல்லை, வந்துகொண்டே இருந்தது. ஒரு தெருவே குடிக்கலாம். சமையலறை நடுவில், இரண்டு கையிலும் கடற்பாசி தொங்க, அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். மார்ச்சுக்குப் பிறகு அழுவது அதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் அழுதாள்.

பிறகு எழுந்து இருப்பதிலேயே பெரிய சட்டியை அடுப்பில் வைத்தாள். கறியை வதக்கினாள், பூண்டு போட்டாள், கடற்பாசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். கொதி வரும்போது போன் அடித்தது.

"சாப்பிட்டியா?" என்றான் ஜுங்மோ.

"இன்னும் இல்ல. சூப் கொதிக்குது."

"என்ன சூப்?"

"கடற்பாசி."

அவன் பின்னால் தங்கும் விடுதியின் டிவி சத்தம் கேட்டது. யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்குப் பொறந்த நாளு? மறந்துட்டனா நான்? ஒனக்கு அக்டோபர்ல..."

"யாருக்கும் பொறந்த நாளு இல்ல."

"பின்ன?"

கரண்டியைச் சட்டி விளிம்பில் வைத்தாள். வைக்கட்டுமா என்று அவன் கேட்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"கோங்குக்காக வச்சேன்" என்றாள். "கோங் போனப்புறம் குடிக்கவே இல்லல்ல. அதான்."

டிவி சத்தம் நின்றது. அவன்தான் அணைத்திருக்க வேண்டும். பேசினா ஒனக்குத்தான் கஷ்டம் என்று மறுபடி சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை. "நெறைய வச்சிருக்கியா?" என்று கேட்டான்.

"தொட்டி நெறைய இருக்கு. பேசின்லயும் இருக்கு."

"எனக்கும் கொஞ்சம் எடுத்து வை." குரல் உடைந்திருந்தது. "சனிக்கிழம வரைக்கும் கெட்டுப் போகாதுல்ல?"

"தெரியலையே" என்றாள் ஹேரான். "நான் இதுக்கு முன்ன வச்சதே இல்ல."